உன் அம்மா வெற்றிலை போட்டதில்லை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை வாய்ப் பரிசோதனை முகாம் பாதியில் இருக்கும்போதே நான் ஏன் எழுந்து போனேன் என்று மூன்று தடவை போனில் கேட்டுவிட்டாய். தலை சுற்றியது என்றேன். பிரஷர் பார்த்தீர்களா என்றாய். பார்த்தேன் என்றேன். இரண்டுமே பொய். இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடமாக வாத்தியார் வேலை பார்க்கிறேன். சுகாதாரப் பாடமும் நான்தான் எடுக்கிறேன். இருந்தும் பெற்ற மகனிடம் வாய் திறந்து சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். விடுதி அறையில் நீ தனியாக இருக்கும்போது இதைப் படி. படித்து முடிக்கிற வரைக்கும் எனக்கு போன் எடுக்காதே.

நீங்கள் எட்டுப் பேர் வந்திருந்தீர்கள். எல்லோரும் பல் வைத்தியம் படிக்கிற கடைசி வருடப் பிள்ளைகள். கோயில் மண்டபத்தில் மேசை போட்டு, வெள்ளைக் கோட்டு மாட்டி, லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஜனங்களின் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தீர்கள். நம் யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் வெற்றிலை போடாத வாயைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதனால் அந்த முகாம் தேவைதான். வாய்ப் புற்றுநோய் எதனால் வருகிறது என்று சுவரில் பெரிய படம் ஒன்று ஒட்டியிருந்தீர்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடி, சாராயம். அதன் முன்னால் நின்று நீ பேசினாய். நன்றாகத்தான் பேசினாய். நம் ஆட்கள் பேசுகிற மாதிரியே பேசினாய். முன் வரிசையில் இருந்த எனக்கு ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. அப்போதுதான் பார்வதி எழுந்து நின்றாள். உன் அம்மாவோடு பதினைந்து வருடம் ஒரே மலையில் ரப்பர் பால் வெட்டியவள்.

"தம்பி, ஒங்கம்மா வெத்தலயே போட மாட்டாங்களே. பாக்குகூட கடிச்சதில்ல. அவங்களுக்கு எப்புடி வந்துச்சு?"

நீ சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சில பேருக்குக் காரணமே இல்லாம வரும் அக்கா" என்றாய். உன் பக்கத்தில் நின்ற கண்ணாடி போட்ட பிள்ளை உன்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. அந்தப் பிள்ளைக்குக் காரணம் தெரியும். உனக்கும் தெரியும். எனக்கு உங்கள் இரண்டு பேரையும்விட நன்றாகத் தெரியும். அந்த இடத்தில் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

முதலில் உன் பங்கைச் சொல்லிவிடுகிறேன். என் பங்கு பெரியது, அதற்குப் பிறகு வருகிறேன். நீ நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய வருடம், சித்திரை லீவுக்கு வந்திருந்தாய். அம்மாவின் கழுத்தில், தாடைக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. வலியில்லை. முழுங்கும்போது மட்டும் ஏதோ தட்டுகிற மாதிரி இருக்கிறது என்றாள். நீ அவளை ஜன்னல் பக்கம் ஸ்டூலில் உட்காரவைத்து, போன் வெளிச்சத்தில் கன்னத்துக்குள், நாக்குக்கு அடியில், ஈறில் எல்லாம் பார்த்தாய். மகன் டொக்டராகித் தன் வாயைப் பார்க்கிறான் என்று அவளுக்குச் சிரிப்பும் வெட்கமும். நீ சிரிக்கவில்லை. "வெத்தல போடுறீங்களா?" என்று கேட்டாய். இல்லை என்றாள். "மலையில வச்சுப் போடுறதுதானே? மறைக்காதீங்கம்மா" என்றாய். அவள் மறுபடியும் இல்லை என்றாள். நீ அவள் இடுப்பில் இருந்த சுருக்குப் பையை இழுத்து எடுத்து, பிரித்து, மூக்கில் வைத்து மோந்து பார்த்தாய். உள்ளே நாலு கராம்பும் முகம் துடைக்கிற ஒரு லேஞ்சியும் இருந்தன. பையை அவள் மடியில் போட்டுவிட்டு, "சரி, நெறி கட்டியிருக்கு, மாத்திரை எழுதித் தாறேன்" என்றாய். கடைத்தெருவில் அதை வாங்கிக் கொடுத்தோம். கட்டி கொஞ்சம் வற்றின மாதிரி இருந்தது. நீ போய்விட்டாய்.

கட்டி வற்றவில்லை தம்பி. ஆவணியில் அது இரண்டு மடங்காகிவிட்டது. முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு அவள் மலைக்குப் போனாள். மகனுக்குச் சொல்லலாமே என்று நான் கேட்டதற்கு அவள் சொன்னதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. "வேணாங்க. மறுபடியும் பையத் தேடுவான்" என்றாள். ஐந்து மாதம் அப்படிப் போனது. நோய் நாக்கின் அடிவேரில், தொண்டைக்குப் பக்கத்தில் இருந்தது. நீ வெளிச்சம் பிடித்த இடங்களில் எல்லாம் அவள் வாய் சுத்தமாக இருந்தது. வெற்றிலை எங்கே புண் ஆக்குமோ அங்கே மட்டும்தான் நீ பார்த்தாய். பிற்பாடு ஒருநாள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து நீயே என்னிடம் சொன்னாய்: "வைரஸ்ல வாறத பத்தி ஒரு பக்கம் இருந்துச்சுப்பா. பரீட்சையில கேட்டாங்க, சரியா எழுதினேன். அம்மாவோட சேர்த்து நெனைக்கவே இல்ல." அன்றைக்கு உன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். உன் வயதில் யாராக இருந்தாலும் அப்படித்தான் தவறியிருப்பார்கள் என்று நினைத்தேன். இப்போதும் அந்தத் தவறுக்காக உன்மீது எனக்குக் கோபமில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன பதிலுக்காகத்தான் கோபம். அன்றைக்கு உனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிந்துகொண்டே அந்த ஒரு பக்கத்தைக் கிழித்து எறிந்துவிட்டுப் பேசுகிறாய்.

என் பங்கு இது. பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்த பிறகு, எங்கள் இரண்டு பேரையும் டொக்டர் அம்மா ஒருவர் உள்ளே கூப்பிட்டார். சிங்களத்தில்தான் பேசினார். இந்தப் புற்றுநோய் ஒரு வைரஸால் வந்தது என்றார். அது ஆணுக்கும் பெண்ணுக்கும் உடலுறவில் தொற்றுவது, வாய் வழியாகவும் போகும் என்றார். ரொம்பச் சாதாரணமான வைரஸ், வாழ்க்கையில் ஒரு தடவையாவது முக்கால்வாசிப் பேரைத் தொட்டுவிட்டுப் போய்விடும், யாரோ சிலருக்குள் மட்டும் தங்கி, இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் கிடந்து, பிறகு இப்படிக் காட்டும் என்றார். எங்கிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது, அதனால் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாதீர்கள் என்றார். முந்தியே வந்திருந்தால் இந்த வகை நன்றாகக் குணமாகும் என்றும் சொன்னார். உன் அம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி. ஒரு சொல்கூட அவளுக்குத் தப்பவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த கலண்டரைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது அவிசாவளையில் பஸ் மாற வேண்டியிருந்தது. நல்ல வெயில். பஸ் நிலையத்தில் ஆள் கூட்டம். அவள் கிளினிக் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க."

"ம்."

"எனக்கு ஒங்களத் தவிர யாரத் தெரியும்?"

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். "அதான் டொக்டர் கேட்டுக்க வேணாமுன்னு சொன்னாங்கல்ல" என்றேன். அவள் பிறகு கேட்கவே இல்லை. பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் ஓரமாக ஒதுங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அவளைக் கட்டுவதற்கு முன்பு, வாத்தியார் நியமனம் கிடைக்கும்வரை, ஆறு வருடம் நான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தேன் என்பது உனக்குத் தெரியும். கடைக்கு மேலே ஏழு பேர் படுத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை மூடியதும் அவர்களில் சிலர் ஒரு வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள் என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். யாரும் இழுக்கவில்லை. நானாகத்தான் போனேன். பல தடவை போனேன். கல்யாணம் பேசி எஹலியகொடவுக்குப் பெண் பார்க்கப் போனபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. தோட்டத்தை விட்டு இரத்தினபுரிக்கு மட்டும் இரண்டு தடவை போயிருக்கிறேன் என்று என்னிடம் சொன்னாள். வந்த வழியைச் சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னது சரிதான். ஆனால் அவளுக்கு என்னைத் தவிர ஆள் இல்லை, எனக்கு இருந்தார்கள். இதற்கு மேல் எனக்கு எந்தப் பரிசோதனையும் வேண்டாம்.

கரண்ட் பிடிக்க, அதாவது கதிர் வைத்தியத்துக்கு, அம்மா போன ஆறு வாரமும், பிறகு கடைசி வரைக்கும் உன் அத்தை வந்து வீட்டில் நின்றாள். என் தங்கை கெட்டவள் இல்லை, அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சியதும் தலை துடைத்துவிட்டதும் அவள்தான். கிளினிக்கில் காத்துக்கொண்டிருந்த யாரோ ஒரு பெண்பிள்ளை அவளிடம் அரைகுறையாக ஏதோ சொல்லியிருக்கிறது. தப்பாக நடந்தவர்களுக்குத்தான் இந்த நோய் வரும் என்று அவள் லயத்தில் கொண்டுவந்து போட்டாள். ஒரு வாரத்தில் கதைக்குக் கைகால் முளைத்துவிட்டது. உன் அம்மா விடிகாலையில் தூர மலைக்குத் தனியாகப் பால் வெட்டப் போனாளாம். அங்கே சுப்பர்வைசர் ஒருவர் இருந்தாராம். அந்த மனிதர் தோட்டத்தை விட்டுப் போயே எட்டு வருடம். பார்க்க வந்த பெண்கள் எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கவில்லை. இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம் என்றார்கள். எல்லோருமே இப்பத்தான் குடித்துவிட்டு வந்தார்கள்.

லயத்தில் புருஷன் பெண்சாதி சண்டை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாஸ்டர் சொன்னால் சரி என்பார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கதை அன்றைக்கே செத்திருக்கும். ஒருநாள் அத்தை அடுப்படியில் வைத்து என்னிடமே கேட்டாள்: "அண்ணே, நீ அவள ஒன்னுமே கேக்கலயா?" நான் சொன்னேன்: "நோயாளிகிட்ட என்னத்தக் கேக்குறது, விடு." பெரிய மனது உள்ள புருஷன் மாதிரிச் சொன்னேன். பெண்சாதி செய்த தப்பைப் பொறுத்துக்கொண்டவன் மாதிரிச் சொன்னேன். அடுப்படிக்கும் அவள் படுத்திருந்த அறைக்கும் நடுவில் ஒரு சீலைத் திரைதான் இருந்தது.

அதே வாரம்தான் அவள் உனக்கு போன் எடுக்கச் சொன்னாள். குரல் அப்போதே பாதி போய்விட்டது. நான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன். "தம்பி, நீ டொக்டருக்குப் படிக்கிறல்ல. இது எப்புடி வருதுன்னு அத்தைகிட்ட நீ வெளங்கப்படுத்திச் சொல்லேன். நீ சொன்னா நம்புவாங்க" என்றாள். நீ, "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா, பேசாம ரெஸ்ட் எடுங்க" என்றாய். அவள் கையைக் காட்டி போனை வைக்கச் சொன்னாள். உனக்கு வெட்கம். பெற்ற தாயைப் பற்றி அந்தச் சொல்லை வாயில் எடுக்க எந்தப் பிள்ளைக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். வகுப்பில் அதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகியிருப்பாய், அங்கே கூச்சம் வராது. தமிழில் அத்தையிடம் சொல்ல நாக்கு எழும்பவில்லை. நீ என் மகன்தான் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

கடைசியில் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. பேச்சு முழுக்க நின்றுவிட்டது. அப்படி அவள் பேச முடியாமல் போன பிறகு, ஒரு சாயங்காலம், அத்தை குளிக்கப் போயிருந்த நேரத்தில், கொழும்பு விஷயத்தை அவளிடம் சொன்னேன். பதில் சொல்ல முடியாத நாளாகப் பார்த்துத்தான் சொன்னேன் என்பதையும் நீ தெரிந்துகொள். அவள் அழவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. விரலை அசைத்துப் பென்சில் கேட்டாள். பழைய கிளினிக் துண்டின் பின்பக்கத்தில், பிள்ளைகள் எழுதுகிற மாதிரிப் பெரிய எழுத்தில், "அவங்ககிட்டயும் சொல்லுங்க" என்று எழுதி, அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினாள். சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு பதினொரு நாள் உயிரோடு இருந்தாள். அத்தை அறைக்குள் வரும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை. அவளை எடுத்துப் போன அன்றைக்கு வாசலில் கூடியிருந்த பெண்கள், மாஸ்டர் தங்கமான மனுசன், கடைசி வரைக்கும் வச்சுப் பாத்தாரே என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்திலிருந்து நேரே அத்தை வீட்டுக்குத்தான் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், சுளகைக் கீழே வைக்கவில்லை. "செத்துப்போனவளுக்கு இதுனால என்னண்ணே ஆகப்போவுது? தம்பிக்குப் பொண்ணு பாக்கணும். வெளிய சொல்லிறாத" என்றாள். உன் அம்மாவைப் பற்றி வெளியே சொல்லும்போது இந்த யோசனை அவளுக்கு வரவில்லை. பிறகு பார்வதி வீட்டுக்குப் போனேன். அவள் என்னை முழுக்கச் சொல்ல விடவில்லை. "தெரியும் மாஸ்டர். கரண்ட் புடிக்கப் போறதுக்கு முந்தியே அவங்களே சொன்னாங்க, ஒங்ககிட்டருந்துதான் வந்திருக்குமுன்னு. அவரா சொல்லட்டும், நீ கேக்காதன்னாங்க. நானும் ஒரு வருசத்துக்கு மேல பாத்தேன். அதான் இன்னைக்குத் தம்பிகிட்டக் கேட்டேன்" என்றாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. நான் கதவுப் பக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டே நாளில் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இந்த வாரம் கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் ஒரு மாதிரி இருக்கிறது. உனக்கும் தொந்தரவு வரும், பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் நின்று போகலாம். அதற்காக நான் வருத்தப்படுகிறேன், ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்க மாட்டேன். உனக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். இனி ஒருவர் கழுத்துக் கட்டியோடு உன் முன்னால் உட்கார்ந்தால், வெற்றிலை இல்லை என்று சொன்னால் நம்பு. நம்பிவிட்டு, இன்னும் உள்ளே பார், உனக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அன்றைக்கே அனுப்பு. வைரஸைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் தமிழில் சொல். தப்பாக நடந்தவர்களுக்கு வருவது என்று மட்டும் சொல்லிவிடாதே, என்னை வைத்துக்கூட அப்படிச் சொல்லாதே. ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவளுக்கும் வரும் என்பதற்கு நம் வீடே சாட்சி. ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் போடுகிற ஊசி இதே வைரஸுக்குத்தான் என்று எனக்கு டொக்டர் சொல்லித்தான் தெரியும். பிள்ளை பெற முடியாமல் போகும் என்று பயந்து நாலு தாய்மார் அந்தப் படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தபோது, பொம்பளைங்க விஷயம் என்று பேசாமல் வாங்கி வைத்த மாஸ்டரும் நான்தான். அந்த நாலு வீட்டுக்கும் இனி போகிறேன். கதவைத் திறப்பார்களோ தெரியாது.

வெள்ளிக்கிழமை உன் தங்கச்சி பள்ளி விடுதியிலிருந்து வருகிறாள். பதினாறு வயதாகிவிட்டது. லயத்தில் யாராவது சொல்லி அவள் தெரிந்துகொள்வதற்கு முன்பு நானே சொல்லப் போகிறேன். நீ வர முடிந்தால் வா, வராவிட்டாலும் நான் சொல்லுவேன். அவள் உன்னையும் என்னையும் மாதிரி இல்லை, அம்மாவைப் போல நேராகக் கேட்பாள். "அம்மாவுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்பாள். தெரியும் என்று சொல்லுவேன். தெரிந்துமா உங்களைக் கடைசிவரை கிட்ட வைத்துக்கொண்டாள் என்று கேட்பாள். அதற்கும் ஆமாம் என்று சொல்லிவிடலாம். "பின்ன ஏன்பா அம்மா சொன்னத நீங்க செய்யல?" என்று அவள் கேட்டால், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்வது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன்.

அப்பா